ஆறாம் பாடவேளைச் சோர்வு

(குறுவள மையக் கூட்டமொன்றில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பு அறிவியலில் ஹார்மோன்கள் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கணையத்தின் இன்சுலினை ஒரு பக்கமும், விந்தகத்தின் டெஸ்டோஸ்டீரோனை இன்னொரு பக்கமும் கரும்பலகையில் எழுதுவேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதை என் உடம்புதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அப்போது எனக்கு 47 வயது. மதிய உணவுக்குப் பின் ஆறாம் பாடவேளையில் நிற்கவே முடியாது. காரணமில்லாமல் எரிச்சல் வரும். ஒரு நாள், சந்தேகம் கேட்ட மாணவனிடம் கத்திவிட்டேன். அதன் பிறகு அவன் கேள்வி கேட்பதையே நிறுத்திக்கொண்டான். வீட்டிலும் மனைவியிடமிருந்து விலகியே இருந்தேன். வயதாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனைவியின் வற்புறுத்தலால் மருத்துவரிடம் போனேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2. இது 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். பிறகு அவர், "தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்திருக்கிறதா சார்?" என்று கேட்டார். தலை குனிந்தபடி "ஆமாம்" என்றேன். டெஸ்டோஸ்டீரோனையும் பரிசோதித்தார். குறைவாக இருந்தது.

அவர் விளக்கியது இதுதான். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலுள்ள அரோமடேஸ் என்னும் நொதி, டெஸ்டோஸ்டீரோனின் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் சேரும்போது, பிட்யூட்டரியிலிருந்து விந்தகத்துக்குப் போகும் தூண்டுதலும் குறைகிறது. டெஸ்டோஸ்டீரோன் குறைந்தால் தசை கரைந்து கொழுப்பு கூடும். சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைதான். தசை குறையக் குறையச் சர்க்கரை ஏறும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும்.

உடனே ஊசி போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அவசரப்படவில்லை. இந்தப் பரிசோதனையைக் காலையில் வெறும் வயிற்றில், வெவ்வேறு நாள்களில் இரண்டு முறை செய்துதான் முடிவுக்கு வர வேண்டும் என்றார். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் செலுத்தினால் விந்தணு உற்பத்தி குறையும். இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிக் கூடவும் வாய்ப்புண்டு. தேவைப்படுவோருக்கு மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அது தரப்பட வேண்டும்.

எனக்குச் சர்க்கரை மாத்திரையோடு, தினமும் 40 நிமிட நடை, வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி, தட்டில் பாதி காய்கறி, இரவு ஏழு மணி நேரத் தூக்கம் என்று எழுதிக் கொடுத்தார். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தேன். ஹெச்பிஏ1சி 6.6-க்கு வந்தது. டெஸ்டோஸ்டீரோனும் இயல்பு அளவைத் தொட்டது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எடை குறைந்தால் இந்த ஹார்மோன் கூடுவது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

ஆண் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கூச்சத்தால் விளம்பரத்தை நம்பி லேகியம் வாங்காதீர்கள். விறைப்புக் குறைபாடு சில நேரம் இதய நோய்க்கும் முன்னறிவிப்பாக இருக்கும். அதை மறைப்பது ஆபத்து. சகோதரி ஆசிரியைகளே, உங்கள் வீட்டிலும் காரணம் புரியாத சோர்வோடு ஒருவர் இருக்கலாம். கோபித்துக்கொள்ளாமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. நம் ஆசிரியர் அறைகள் அதற்கு விதிவிலக்கல்ல.

அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுவாரம் அவன் மீண்டும் கை தூக்கினான்.