தலைவர் எப்போது பதவி விலக வேண்டும்? பிரித்தானிய அனுபவமும் எமது கடமையும்

(இலண்டனில் தமிழ்ப் பெற்றோர்களும் இளையோர்களும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஒழுங்கு மீறல் குற்றச்சாட்டுக்கு உள்ளாகும் ஓர் அரசியல் தலைவர் பதவி விலக வேண்டுமா என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனை நாம் எல்லோரும் கண்முன்னே கண்ட ஒரு நிகழ்வை வைத்து ஆராய்வோம். பிரித்தானியப் பிரதமராக இருந்த பொரிஸ் ஜோன்சன் 2022ஆம் ஆண்டில் பதவி இழந்த வரலாறுதான் அது.

இத்தகைய செய்திகள் தொலைக்காட்சியில் வரும்போது எமது வீடுகளில் இரண்டு குரல்கள் எழுவதுண்டு. "அரசியல்வாதிகள் எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். இவர் போனால் இன்னொருவர் வருவார். உனது படிப்பைப் பார்" என்பது பெற்றோரின் குரல். "பொய் சொன்னவர் ஒரு நாள்கூடப் பதவியில் இருக்கக்கூடாது" என்பது பிள்ளைகளின் குரல். முதலாவது குரல் தாயகத்தில் பட்ட அனுபவத்திலிருந்து வருகிறது. இரண்டாவது, இந்நாட்டுப் பாடசாலைகளில் கற்ற நீதியுணர்விலிருந்து வருகிறது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆயினும் இரண்டுமே முழுமையானவை அல்ல.

முதலில் நடந்தவற்றை நினைவுபடுத்துவோம். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இந்நாட்டு மக்கள் கடுமையான விதிகளின் கீழ் வாழ்ந்தார்கள். மருத்துவமனைகளில் உயிர் பிரிந்தவர்களின் அருகில் பிள்ளைகள் நிற்க முடியவில்லை. எமது சமூகத்திலும் இறந்தவரின் முகத்தை இறுதியாகப் பார்க்காமலே சடங்குகளை முடித்த குடும்பங்கள் பல. கணினித் திரையில் இறுதிக்கிரியைகளைப் பார்த்து அழுத தாய்மார் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். அதே காலத்தில் எமது மருத்துவர்களும் தாதியரும் கடை ஊழியர்களும் ஒவ்வொரு நாளும் வேலைக்குச் சென்றார்கள். விதி என்றால் விதி என்று நாம் அதற்குக் கட்டுப்பட்டோம்.

விதியை இயற்றியவர்களின் இல்லத்தில் நடந்தது வேறு. டவுனிங் வீதி 10ஆம் இலக்க இல்லத்தில் விருந்துகள் நடந்தன என்ற செய்தி 2021 நவம்பர் இறுதியில் வெளிவந்தது. அங்கு விதிகள் மீறப்படவில்லையெனத் தமக்கு உறுதியளிக்கப்பட்டிருப்பதாகப் பிரதமர் டிசெம்பரில் நாடாளுமன்றத்தில் கூறினார். 2020 மே 20ஆம் நாள் தோட்டத்தில் நடந்த ஒன்றுகூடலில் தாம் கலந்துகொண்டதாக அடுத்த மாதமே ஒப்புக்கொண்டார். அதை வேலை தொடர்பான நிகழ்வென்றே தாம் நம்பியதாகவும் சொன்னார். 2022 ஏப்ரல் 12ஆம் நாள் காவல்துறை அவருக்கும் அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக்குக்கும் தண்டப்பணம் விதித்தது. பதவியிலிருக்கும் ஒரு பிரதமர் சட்டத்தை மீறியவராகக் காவல்துறையால் தண்டிக்கப்பட்டது இந்நாட்டின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. டவுனிங் வீதியிலும் அதனை அண்டிய அரச அலுவலகங்களிலும் நடந்த ஒன்றுகூடல்களுக்காக மொத்தம் 83 பேருக்கு 126 தண்டங்கள் விதிக்கப்பட்டன.

அப்போது அவருடைய ஆதரவாளர்கள் மூன்று வாதங்களை முன்வைத்தார்கள். அவற்றை நாம் அலட்சியம் செய்யக்கூடாது.

முதலாவது வாதம், குற்றம் சிறியது என்பது. வாகனம் நிறுத்தியதற்கு விதிக்கப்படும் தண்டத்தைப் போன்ற ஒரு சிறு தொகைக்காகப் பிரதமர் ஒருவர் விலகுவதா என்று கேட்டார்கள். தொகை சிறியதுதான். சிக்கல் அந்தத் தொகையில் இல்லை, நாடாளுமன்றத்தில் அவர் சொன்ன சொல்லில் இருந்தது. அமைச்சர் ஒருவர் எழுந்து ஒரு தகவலைச் சொன்னால் அது உண்மை என்ற நம்பிக்கையிலேயே நாடாளுமன்றம் இயங்குகிறது. அந்த நம்பிக்கை இல்லையேல் கேள்வி நேரம் வெறும் நாடகம் ஆகிவிடும். ஆகவேதான் தெரிந்தே நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தும் அமைச்சர் பதவி விலக முன்வர வேண்டும் என்று அமைச்சர்களுக்கான நடத்தை விதிக்கோவை கூறுகிறது.

இரண்டாவது வாதம், மக்கள் ஆணை. 2019 டிசெம்பர்த் தேர்தலில் 80 ஆசனப் பெரும்பான்மை பெற்ற தலைவரை ஒரு சிலர் எப்படி வெளியேற்றலாம் என்று கேட்டார்கள். இந்நாட்டு முறைமையில் மக்கள் தெரிவுசெய்வது தமது தொகுதியின் உறுப்பினரையே. அந்த உறுப்பினர்களின் நம்பிக்கை இருக்கும் வரையில்தான் ஒருவர் பிரதமர். ஜோன்சனும் மேற்கு இலண்டனில் உள்ள அக்ஸ்பிரிட்ஜ், தென் றைஸ்லிப் தொகுதியின் உறுப்பினராகவே நாடாளுமன்றம் சென்றவர்.

மூன்றாவது வாதம், காலம் உகந்ததல்ல என்பது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்திருந்தது. போர்க்காலத்தில் தலைமையை மாற்றலாமா என்று கேட்டார்கள். 1940 மே மாதத்தில் ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் இதே நாடாளுமன்றம் சேம்பர்லேனிடம் நம்பிக்கை இழந்து, சேர்ச்சில் பிரதமராக வழிவிட்டது. நெருக்கடிக் காலத்தில் மக்கள் உயிரையே பணயம் வைத்துத் தலைவரின் சொல்லைப் பின்பற்றுகிறார்கள். அக்காலத்தில்தான் அந்தச் சொல் நம்பத்தக்கதாக இருப்பது மிகவும் அவசியம்.

அன்பர்களே, இவ்வளவு நியாயங்கள் இருந்தும் அவர் தாமாக விலகவில்லை. இங்கேதான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. விதிக்கோவை மீறப்பட்டதா என்று இறுதித் தீர்ப்புச் சொல்பவர் பிரதமரே. அவர்மீதே குற்றச்சாட்டு வந்தால், தம் வழக்குக்குத் தாமே நீதிபதி! விதிக்கோவை தொடர்பாக அவருக்கு ஆலோசகராக இருந்த இருவர் அடுத்தடுத்துப் பதவி துறந்தார்கள். உள்துறை அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேல் ஊழியர்களை நடத்திய விதம் பற்றிய விசாரணை முடிவைப் பிரதமர் ஏற்காதபோது, 2020 நவம்பரில் சேர் அலெக்ஸ் அலன் விலகினார். 2022 யூனில் கெயிற் பிரபு விலகினார். தவறு செய்தவர் இருக்க, தவறைச் சுட்டிக்காட்டியவர் போகும் நிலை அது.

ஆயினும் விதிக்கோவையில் இருந்த ஓட்டையை வேறு அமைப்புகள் அடைத்தன. கட்சியின் உறுப்பினர்கள் கடிதம் எழுதினார்கள். 2022 யூன் 6ஆம் நாள் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 211 பேர் அவருக்கு ஆதரவாகவும் 148 பேர் எதிராகவும் வாக்களித்தனர். அவர் வென்றார், ஆனால் பலமிழந்தார். அதே மாத இறுதியில் கட்சியின் பிரதிக் கொறடா கிறிஸ் பின்சர்மீது தகாத நடத்தைக் குற்றச்சாட்டு எழுந்தது. அவரைப் பற்றிய முன்னைய குறிப்பான முறைப்பாடுகள் பிரதமருக்குத் தெரியாது என்று முதலில் சொல்லப்பட்டது. வெளியுறவு அமைச்சின் முன்னாள் தலைமை அதிகாரி ஒருவர், 2019இலேயே பிரதமருக்கு நேரில் அறிவிக்கப்பட்டிருந்ததாக எழுதினார். யூலை 5ஆம் நாள் நிதியமைச்சரும் சுகாதார அமைச்சரும் விலகினர். அடுத்த இரு நாட்களுக்குள் அரசாங்கப் பொறுப்புகளில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். யூலை 7ஆம் நாள் பிரதமர் தாமும் விலகுவதாக அறிவித்தார். விருந்துகள் பற்றிய விடயத்தில் நம்பிக்கை தேய்ந்தது. இந்தப் புதிய விடயத்தில் அது முற்றாக முறிந்தது.

அதன் பின்னரும் விசாரணை நிற்கவில்லை. அவருடைய சொந்தக் கட்சியினரே பெரும்பான்மையாக இருந்த நாடாளுமன்றச் சிறப்புரிமைக் குழு, அவர் வேண்டுமென்றே நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023 யூனில் முடிவுசெய்தது. அறிக்கை வெளிவரும் முன்பே அவர் உறுப்பினர் பதவியையும் துறந்திருந்தார். குழுவின் முடிவை அவர் ஏற்கவில்லை. நாடாளுமன்றமோ 354க்கு 7 என்ற வாக்குகளால் அதை ஏற்றது.

இளையோர்களே, உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்ட ஒவ்வொருவரும் உடனே விலக வேண்டும் என்பது நீதியாகாது. அப்படியானால் எதிரியை வீழ்த்த ஒரு பொய்க் குற்றச்சாட்டே போதும். ஸ்கொட்லாந்தின் முதலமைச்சராக இருந்த நிக்கொலா ஸ்ரேர்ஜனைப் பதவி விலகுமாறு பலர் கோரினர். 2021 மார்ச்சில் சுயாதீன விசாரணையாளர் அவர் விதிக்கோவையை மீறவில்லை என்று அறிவித்தார். தொழிற்கட்சித் தலைவராக இருந்த கியர் ஸ்ராமரும் தடைக்காலத்தில் டேர்ஹம் நகரில் விதியை மீறினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டது. தண்டம் விதிக்கப்பட்டால் விலகுவேன் என்று அவர் முன்கூட்டியே அறிவித்தார். ஜோன்சன் விலகல் அறிவித்த மறுநாளே, ஸ்ராமர்மீது குற்றம் இல்லையெனக் காவல்துறை சொன்னது. எனவே குற்றச்சாட்டு வந்தால் சுயாதீன விசாரணை வேண்டும். விசாரணைக்குத் தலைவர் முழுமையாக ஒத்துழைக்க வேண்டும். உண்மை நிலைநாட்டப்பட்டால், அல்லது அவருடைய சொல் பொய்யென வெளிப்பட்டால், அவர் போக வேண்டும். இதுவே எனது அளவுகோல்.

பதவி விலகல் என்பது ஒருவரின் வாழ்வின் முடிவும் அன்று. ஜோன் புறொபியூமோ 1963இல் நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதை ஏற்று விலகினார். பின்னர் கிழக்கு இலண்டனில் உள்ள ரொயின்பி மண்டபத்தில் ஏழைகளுக்காகப் பல பத்தாண்டுகள் தொண்டாற்றினார். குடிவரவாளர்களாகிய நாம் மறக்கக்கூடாத இன்னொரு நிகழ்வும் உண்டு. கரிபியன் நாடுகளிலிருந்து வந்து இங்கேயே வாழ்ந்து முதிர்ந்தவர்கள் வின்ட்ரஷ் விவகாரத்தில் அநியாயமாக நடத்தப்பட்டபோது, உள்துறை அமைச்சராக இருந்த அம்பர் றட் 2018 ஏப்ரலில் விலகினார். நாடுகடத்தல் இலக்குகள் பற்றி நாடாளுமன்றக் குழுவுக்குத் தவறான தகவல் தந்ததை, அது வேண்டுமென்றே செய்யப்பட்டதன்று எனினும், அவர் ஏற்றுக்கொண்டார். சில மாதங்களில் அமைச்சரவைக்குத் திரும்பவும் வந்தார்.

இது வெள்ளையரின் பண்பாடு என்று எவரும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டின் அரியலூரில் 1956 நவம்பரில் நடந்த கோரமான தொடருந்து விபத்துக்குத் தார்மீகப் பொறுப்பேற்று இந்திய அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலகினார். அவர் அந்தத் தொடருந்தை ஓட்டியவரும் அல்லர், பாலத்தைக் கட்டியவரும் அல்லர். அதற்கும் முன்னே, தவறான தீர்ப்பு வழங்கியதை உணர்ந்த கணமே உயிர்விட்ட பாண்டிய மன்னனின் கதையைச் சிலப்பதிகாரம் எமக்குத் தந்திருக்கிறது. அவன் உயிரைக் கொடுத்தான். மக்களாட்சி தலைவர்களிடம் கேட்பதோ பதவியை மட்டுமே.

தாயகத்தை எண்ணிப் பாருங்கள். ஜோன்சன் விலகல் அறிவித்த அதே 2022 யூலை மாதத்தில்தான் இலங்கைச் சனாதிபதி கோத்தபாய ராஜபக்சவும் பதவி இழந்தார். யூலை 9ஆம் நாள் மக்கள் அவருடைய மாளிகைக்குள் புகுந்தனர். அவர் மாலைதீவுக்குத் தப்பிச் சென்று, பின்னர் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் பதவி விலகல் கடிதம் அனுப்பினார். அவரை வெளியேற்றியது பொருளாதாரச் சரிவு. 2009இல் முள்ளிவாய்க்காலில் எமது மக்கள் மடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் அவரே. அதற்காக அன்று எவரும் பதவி விலகவில்லை. மாறாக, 2019இல் அவர் சனாதிபதியாகத் தெரிவானார். ஆகவே பதவி விலகலும் பொறுப்புக்கூறலும் ஒன்றல்ல என்பதை நாம் உணர வேண்டும். நாற்காலி காலியானதும் விசாரணை முடிந்துவிட்டது என்று கருதுவது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகம்.

பெற்றோர்களே, "எல்லோரும் ஒன்றுதான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லும்போது நேர்மையாக இருப்பவருக்கும் பொய்யருக்கும் இடையிலான வேறுபாட்டை அழித்துவிடுகிறோம். அதனால் மகிழ்பவர் பொய்யர் மட்டுமே. இளையோர்களே, சமூக ஊடகத்தில் கோபத்தைக் கொட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள். அவர் மக்களைச் சந்திக்கும் நாளில் நேரில் சென்று கேள்வி கேளுங்கள். 2022இல் பல உறுப்பினர்களின் மனத்தை அசைத்தவற்றுள் தொகுதி மக்களின் கடிதங்களும் அடங்கும்.

இறுதியாக, இந்த அளவுகோலை எமது வீட்டுவாசலிலும் வைத்துப் பார்ப்போம். எமது கோயில்கள், தமிழ்ப் பாடசாலைகள், பழைய மாணவர் சங்கங்கள் யாவற்றுக்கும் தலைவர்களும் பொருளாளர்களும் இருக்கிறார்கள். கணக்கு விடயத்தில் கேள்வி எழுந்தால், கேட்டவரைத் துரோகி என்று ஒதுக்குகிறோமா? அல்லது விசாரணை முடியும் வரை பொறுப்பிலிருந்து ஒதுங்கி நிற்கும் முறையை யாப்பில் எழுதி வைத்திருக்கிறோமா? உங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியையாவது எழுப்புங்கள். பிரதமரிடம் நாம் எதிர்பார்த்த நேர்மையை எமது தலைவர்களிடமும் எதிர்பார்க்கும்போதுதான் எமது சொல்லுக்கு மதிப்பு உண்டாகும்.