இருமுறை உதித்த சூரியன்



மாதவரத்தில் என் வீட்டிற்கு மேற்கே சிறிது தொலைவில் புழல் ஏரி இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி என்ற அளவிலேயே மாணவர்கள் அதனை அறிவர். இரண்டாம் உலகப்போரின்போது அது விமானத்தளமாகவும் விளங்கிற்று என்றால் வியப்படைவீர்கள். நீரிலிருந்து கிளம்பி நீரிலேயே இறங்கும் 'காடலினா' என்னும் பறக்கும் படகுகளைப் பிரிட்டிஷ் விமானப்படை அங்கே நிறுத்தியிருந்தது.

அந்த ஏரிக்கரையில் ஒரு நாள் என்னுடன் உலாவ வந்த கல்லூரி மாணவர் ஒருவர், "இரு நகரங்களுக்கிடையே உள்ள தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடுகிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது, ஐயா?" என்றார். அவருக்கு நான் கூறிய வரலாற்றையே உங்களுக்கும் கூறுகிறேன்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அவ்வழியே ஆஸ்திரேலியாவுக்குச் சென்றுகொண்டிருந்த விமானப் போக்குவரத்து அறுந்தது. அதனால் 1943-இல் குவான்டாஸ் நிறுவனத்தார் ஐந்து காடலினாக்களைக் கொண்டு, இலங்கையில் காலி நகரை அடுத்த கொக்கலை உப்பங்கழிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே நேரே பறக்கத் தொடங்கினர். தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். இடையில் இறங்கி எண்ணெய் நிரப்ப இடமில்லை. வானொலியில் பேசினால் பகைவர் அறிவர். எனவே வாய்மூடியே பறந்தனர். இரவில் விண்மீன்களே வழிகாட்டின. விமானங்களுக்கும் ரீகல், வேகா, ஸ்பைகா, அன்டாரிஸ், ஆல்டேர் என்று விண்மீன் பெயர்களையே இட்டிருந்தனர். இவற்றுள் ஸ்பைகா நம் சித்திரை, அன்டாரிஸ் கேட்டை, ஆல்டேர் திருவோணம். பஞ்சாங்கம் பார்க்கும் நம் பாட்டிமார்க்குப் பழக்கமான பெயர்கள்!

இனி மாணவரின் கணக்கிற்கு வருவோம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகமென்று கொண்டால் 28 மணி நேரம் ஆகும். ஆனால் காற்று சும்மா இருப்பதில்லையே! மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், கடலைக் கடக்கும் வேகம் 170 ஆகக் குறைகிறது. பயணம் ஏறக்குறைய 33 மணியாக நீள்கிறது. ஐந்து மணி நேரத்திற்கு வேண்டிய எண்ணெயை நடுக்கடலில் யார் தருவார்? மணிக்கு 900 கிலோமீட்டர் செல்லும் இக்கால ஜெட் விமானத்திற்கு அதே காற்று விளைக்கும் தாமதம் சுமார் 13 நிமிடமே. மெதுவாகச் செல்பவன் காற்றுக்கு அதிக வரி செலுத்துகிறான்.

எண்ணெய்ச் சுமையை ஏற்றுவதற்காகவே ஆட்சுமையைக் குறைத்தனர். ஒரு விமானத்தில் பயணிகள் மூவருக்கே இடம். அதிகாரிகளும் அவசரக் கடிதங்களுமே பெரும்பாலும் சென்றன. காற்றின் போக்கிற்கேற்ப, பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீடித்தது. வானத்தில் இருந்தபடியே இருமுறை சூரியோதயம் கண்டதால், 'இரட்டை உதயம்' என்றே அப்பயணத்திற்குப் பெயர் வந்தது. பயணிகளுக்கு அதற்கென ஒரு சான்றிதழும் வழங்கினராம். ஆடாமல் அசையாமல் ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்ததற்கு அது போதிய கூலிதானா என்பதைப் பயணிகளைத்தான் கேட்க வேண்டும்.

1945 வரை 271 முறை அக்கடலைக் கடந்தனர். ஒரு விமானமும் வழியில் தொலையவில்லை. போர் முடிந்தபின், அமெரிக்காவிடமிருந்து பெற்ற உடன்படிக்கையின்படி, அவ்விமானங்களை ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடித்துவிட்டனர்.

மாணவர் சற்று நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எதிர்க்காற்று எவ்வளவு என்பதை அவர்கள் முன்கூட்டியே எப்படி அறிந்தார்கள்?" என்று கேட்டார். அதற்குள் இருட்டிவிட்டது, நாங்கள் வீட்டை நோக்கி நடந்தோம்.