தீவனம் கூடியும் மீன் ஏன் வளரவில்லை?

(நம் அறக்கட்டளையின் சிறுதொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, சுல்தான்பேட்டை பக்கம் தென்னந்தோப்புகளில் சொட்டுநீருக்காக வெட்டிய பண்ணைக்குட்டைகளில் இப்போது மீனும் வளர்க்கிறார்கள். நம் வீடுகளிலும் சிலர் தோட்டக்காரரோடு பங்குக்குச் சேர்ந்து இதில் இறங்கப் பார்க்கிறீர்கள். கையிருப்பையோ வீட்டு நகையையோ நம்பி இறங்கும் தொழில் இது. அதனால் நஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

மீன் வளர்ப்பில் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரை கிலோ தீவனம் என்றால் நல்ல கணக்கு. 500 கிலோ மீன் எடுக்க 750 கிலோ தீவனம் போதும். அதுவே கிலோவுக்கு இரண்டு கிலோ ஆகிவிட்டால் 1,000 கிலோ வேண்டும். தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த 250 கிலோவில் 10,000 ரூபாய் தண்ணீரில் கரைந்துவிடும். மீன் சாகவில்லை, நோயும் தெரியவில்லை, ஆனால் எடை ஏறவில்லை. பல இடங்களில் இதற்குக் காரணம் மீனுக்கு உண்டாகும் அழுத்தம்.

மீனுக்கு என்ன அழுத்தம் என்று சிரிக்க வேண்டாம். நமக்குப் பயம் வந்தால் சுரக்கும் அட்ரினலின், கவலை நீடித்தால் கூடும் கார்டிசோல், இரண்டும் மீனின் உடம்பிலும் சுரக்கின்றன. நமக்குச் சிறுநீரகத்தின் மேல் அட்ரினல் சுரப்பி தனியாக இருக்கிறது. மீனுக்கு அப்படித் தனியாக இல்லை. சிறுநீரகத்தின் முன்பகுதியிலேயே அந்த வேலையைச் செய்யும் செல்கள் பரவியிருக்கின்றன. மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் அவை ஹார்மோனைச் சுரக்கும்.

வலையைக் கண்டு மீன் ஓடுகிறது. அட்ரினலின் சில விநாடிகளில் வேலை செய்கிறது; ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது. சில நிமிடங்களில் கார்டிசோல் ஏறுகிறது. ஆபத்து போனதும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இதனால் கெடுதல் இல்லை. உயிர் பிழைக்க இறைவன் வைத்த ஏற்பாடு அது. அழுத்தம் நாள்கணக்கில் தொடர்ந்தால்தான் தொல்லை. அப்போது மூன்று காரியம் நடக்கும்.

ஒன்று, பசி அடங்குகிறது. கார்டிசோலைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் அதே ரசாயனத் தூது, பசியையும் குறைக்கிறது. நீங்கள் போடும் தீவனம் மிதந்து, ஊறி, அடியில் போய் அழுகி, தண்ணீரைக் கெடுக்கும். கெட்ட தண்ணீர் மேலும் அழுத்தம் தரும்.

இரண்டு, தின்றதும் சரியாகச் செரிப்பதில்லை. ஓடத் தயாராகும் உடம்பு ரத்தத்தைக் குடலிலிருந்து தசைக்குத் திருப்புகிறது. அழுத்தம் நீடித்தால் குடலின் உள்சுவரும் பலவீனமாகிறது. நோய் எதிர்ப்பும் குறைவதால், தண்ணீரில் எப்போதும் இருக்கும் கிருமிகளே அப்போது நோயாக மாறுகின்றன.

மூன்று, வளர்ச்சி நிற்கிறது. கார்டிசோல், வளர்ச்சிக்கான ஹார்மோன்களின் வேலையைத் தடுக்கிறது. சக்திக்காகத் தசையின் புரதத்தையே உடம்பு கரைக்கிறது. நாம் விற்க நினைக்கும் சதையை மீனே தின்றுகொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

நம் பக்கத்தில் பலர் வளர்ப்பது கிப்ட் திலேப்பியா. ஜிலேபி மீனின் உறவு. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில், நன்றாக வளரும் மீன்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. வேறு உயிரின் மரபணுவைப் புகுத்தியதல்ல. கெட்ட தண்ணீரையும் தாங்கும் மீன் என்று பெயர். தாங்கும் என்பது உண்மை. ஆனால் தாங்குவது வேறு, வளர்வது வேறு.

இந்த மீன்களுக்குள் பெரியது சிறியதை அடக்கும். அடங்கிய மீனின் உடலும் கண்ணும் கருத்துப்போகும்; ஒதுங்கியே கிடக்கும். குட்டையில் அப்படி நிறைய மீன் தெரிந்தால் கவனியுங்கள். ஒரே அளவுக் குஞ்சுகளாகப் பார்த்து விடுவதும், தீவனத்தை ஒரே மூலையில் கொட்டாமல் பரவலாகத் தூவுவதும் இதைக் குறைக்கும்.

நம் ஊர்க் குட்டைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சித்திரை வெயிலில் தென்னைக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும். மீன் எண்ணிக்கை அதேதான், தண்ணீர் பாதிதான். நெரிசலும் சூடும் சேர்ந்து வரும். எனவே கோடையில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சும் என்று தோட்டக்காரரிடம் முன்கூட்டியே பேசி, அந்த அளவுக்கே குஞ்சு விடுங்கள்.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் விடியும் முன்தான் மிகக் குறைவு. இரவெல்லாம் பாசியும் மீனும் சுவாசித்துத் தீர்த்திருக்கும். சுபுஹு தொழுதுவிட்டு நேரே போய்த் தீவனம் போடுவதைவிட, வெயில் ஏறிய பிறகு போடுவது நல்லது. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அன்று காலைத் தீவனம் வேண்டாம், காற்றூட்டியை ஓட்டுங்கள். மேகம் மூடிய நாளில் தீவனத்தைக் குறையுங்கள். திலேப்பியாவின் இரைப்பை சிறியது. ஒரே வேளையில் அள்ளிப் போடாமல் பிரித்துப் போடுங்கள்.

குஞ்சு வந்த பையை அவிழ்த்து உடனே கொட்டாதீர்கள். கால்மணி நேரம் பையோடு மிதக்கவிட்டு, குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விடுங்கள். எடை பார்க்க வலை போடும் நாளில் தீவனத்தை நிறுத்துங்கள். அந்த வேலையைக் குளிர்ந்த காலை நேரத்தில், ஆக்சிஜன் சரியாக இருக்கும்போது, சீக்கிரம் முடியுங்கள்.

விற்பனைக்குப் பிடிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். நெடுநேரம் துள்ளித் துடித்துச் செத்த மீனின் தசையில் சக்தி தீர்ந்து, உடம்பு சீக்கிரம் விறைத்து, சதை தளரும். உக்கடம் மார்க்கெட்டில் வாங்குபவர் விரலால் அழுத்திப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார். மீனுக்கு அறுப்பு இல்லை என்பதால் எப்படியும் சாகட்டும் என்று விடுவது இரக்கமும் அல்ல, வியாபாரமும் அல்ல. பிடித்ததும் ஐஸ் கலந்த தண்ணீரில் போடுங்கள்.

திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். முதலில் அதை வாங்குங்கள். தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் பவானிசாகரில் இருக்கிறது. பணம் போடும் முன் ஒருமுறை போய்ப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

எடை ஏறவில்லை என்றால் அடுத்த மூட்டைத் தீவனத்தைப் பிரிக்கும் முன் தண்ணீரையும் நெரிசலையும் பாருங்கள். மீன் நிம்மதியாக இருந்தால், போடுகிற தீவனம் சதையாகும்.

உங்கள் முயற்சியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.