நின்ற மரமும் நடந்த விதையும்

உயிர்கள் யாவற்றுக்கும் இரு கடமைகள் உண்டு. தன்னைக் காத்துக்கொள்வது ஒன்று. தன் இனத்தை நிலைநிறுத்துவது மற்றொன்று. விலங்கும் பறவையும் துணையைத் தேடிச் செல்கின்றன. அவற்றின் குட்டியும் குஞ்சும் வளர்ந்ததும் வேறிடம் நாடிப் போகின்றன. மரமோ முளைத்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராது. எனவே, அதற்காகப் பிறர் இரண்டு பயணங்களைச் செய்து தரவேண்டியிருக்கிறது. மகரந்தம் ஒரு மலரினின்று மற்றொரு மலரை அடைவது முதற் பயணம். விதை தாய்மரத்தைவிட்டு விலகிச் செல்வது இரண்டாம் பயணம். தாயின் நிழலிலேயே விழுந்த விதைக்கு வெயில் அரிது. நீரும் உரமும் பங்காகிவிடும். தாயைத் தின்னும் பூச்சிகளும் அங்கேயே காத்திருக்கும்.

இப்பயணத்திற்குச் செடிகள் கையாளும் வழிகள் பலவாகும். எருக்கும் இலவும் தம் விதைகளைப் பஞ்சோடு காற்றில் விடுகின்றன. தேங்காய் தன் நாரின் துணையால் கடலில் மிதக்கிறது. நாயுருவி நம் வேட்டியிலும் ஆட்டின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு ஊர் கடக்கிறது. கனகாம்பரத்தின் உலர்ந்த நெற்று, நீர் பட்டவுடன் வெடித்து விதைகளைத் தெறிக்கச் செய்கிறது. நாம் உண்ணும் வாழையோ விதையை நம்பாது, பக்கக் கன்றுகளாலேயே பெருகுகிறது.

ஆயினும், பிற உயிர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டாற்போல் வாழும் மரங்களின் வரலாறே நம் சிந்தனைக்கு உரியது. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றைப் பாருங்கள். இவை பூக்காமலே காய்ப்பவை என்று முன்னோர் கருதினர். உண்மையில் நாம் காய் என்று எண்ணும் அவ்வுருண்டைக்குள்ளேதான் நூற்றுக்கணக்கான நுண்மலர்கள் மறைந்திருக்கின்றன. கொசுவினும் சிறிய பெண் குளவியொன்று அதன் நுனித்துளை வழியே நுழைகிறது. நெருக்கமான அவ்வழியில் பெரும்பாலும் அதன் சிறகுகள் முறிந்துவிடும். தான் கொணர்ந்த மகரந்தத்தை மலர்களுக்கு அளித்து, சிலவற்றில் முட்டையிட்டு, அது உள்ளேயே மடிகிறது. பின்னர்ப் பிறக்கும் சிறகற்ற ஆண்குளவிகள் பெண்களோடு கூடி, வெளியேற வழி குடைந்து, தாமும் மடிகின்றன. இளம் பெண்குளவிகள் புதிய மகரந்தத்தோடு வேறு மரம் நோக்கிப் பறக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வோர் இனத்து மரத்திற்கும் அதற்கே உரிய குளவியினம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் நிழலுக்காக நடப்பட்ட ஆசிய அத்தியின மரங்கள் சில, உரிய குளவிகள் அங்கு வந்து சேரும்வரை முளைக்கும் விதை தரவில்லை. குளவிகள் வந்தபின் அவற்றின் கன்றுகள் சுவர்தோறும் முளைக்கலாயின.

விழுதுகள் இருக்க விதை எதற்கு என்று கேட்கலாம். கொல்கத்தாவை அடுத்த சிப்பூர்த் தாவரவியல் தோட்டத்துப் பேராலமரம், பூஞ்சை நோயுற்ற அடிமரத்தை 1925இல் வெட்டி அகற்றிய பின்னரும் விழுதுகளைக் கொண்டே தழைத்து வருகிறது. ஆனால், எத்தனை விழுதுகள் ஊன்றினும் அது ஒரே மரம்தான். புதியதொரு மரம் பிறக்க விதை வேண்டும். அவ்விதையைச் சுமக்க மைனாவும் குயிலும் வௌவாலும் வேண்டும். தில்லியின் பழங்கோட்டைச் சுவரில் நாம் காணும் அரசங்கன்று, ஒரு பறவையின் எச்சத்தில் வந்ததாகவே இருக்கும்.

சிறு விதையைச் சுமக்கப் பறவைகள் பல உண்டு. பெருவிதையை விழுங்கவல்லவை மிகச் சிலவே. வடகிழக்குக் காடுகளில் இருவாச்சிப் பறவைகள் அப்பணியைச் செய்கின்றன. பெண் இருவாச்சி மரப்பொந்தினுள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண்பறவை பழம் கொணர்ந்து ஊட்டும். அந்த ஆண்பறவை வேட்டையாடப்படின், உள்ளிருக்கும் குடும்பமும் பட்டினி கிடக்க நேரும். காட்டு மரங்கள் தம் விதை சுமப்போரை இழக்கும். அருணாசலப் பிரதேசத்தின் நிஷி மக்கள் தம் பிரம்புத் தொப்பியில் இருவாச்சியின் அலகைச் சூடுவது மரபு. இன்று அவர்களில் பலர் அதற்கு மாற்றாக இழைக்கண்ணாடியில் செய்த அலகைச் சூடுகின்றனர். பக்கே காட்டையொட்டிய சிற்றூர்களில் முன்னாள் வேட்டைக்காரர் சிலரே கூடுகளின் காவலராயினர். மரபும் அழியவில்லை, மரமும் அழியாதிருக்க வழி பிறந்தது.

இதற்கு மறுதலையான காட்சியும் நம் கண்முன் உள்ளது. தில்லியில் விலாயதி கீக்கர் என்றும் இராமநாதபுரத்தில் சீமைக் கருவேல் என்றும் வழங்குவது ஒரே மரம். அமெரிக்கக் கண்டத்தினின்று மனிதர் கொணர்ந்தது அது. அதன் இனிய நெற்றை ஆடுமாடுகள் தின்கின்றன. கடின ஓடுடைய விதை சாணத்தோடு வெளிவந்து, உரத்தோடே முளைக்கிறது. சுமப்போர் எங்கும் கிடைத்தமையால் அது பரந்த நிலங்களை வளைத்துக்கொண்டது. சுமப்போரை இழந்த காட்டு மரமோ, கனி நிறைந்திருந்தும் மரபு குன்றுகிறது.

ஆகவே, மரம் நடுவதோடு நம் கடமை முடிவதில்லை. நாம் எம்மாநிலத்தில் வாழினும், அம்மண்ணுக்குரிய கனிமரத்தைத் தேர்ந்து நடுவோம். அதன் பூவை நாடும் பூச்சியையும் கனியை நாடும் பறவையையும் விரட்டாதிருப்போம். நட்ட மரம் நம் காலத்திற்கு நிழல் தரும். அதன் விதையைச் சுமப்போர் வாழ்ந்தால்தான் வருங்காலத்திற்கும் நிழல் உண்டு.