மீட்-கான்வேல, கான்வே யாரு?

ஜூன் மாசம், பிரைட் மாசம். அதனால இன்னைக்கு ஒரு இன்ஜினியரோட கதை.

ஈசிஇ படிச்சவங்களுக்கு விஎல்எஸ்ஐ பேப்பர் ஞாபகம் இருக்கும். ஒரு சிப்புக்குள்ள ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்களை எப்படி அடுக்குறதுங்கிற பாடம். அதை மாணவர்களும் கத்துக்கிற மாதிரி எளிமையாக்கினவங்க ரெண்டு பேர்: கார்வர் மீட், லின் கான்வே. 1980-ல் வந்த அவங்க புத்தகம் பல கல்லூரிகள்ல பாடமாச்சு. 'மீட்-கான்வே'ன்னு நானும் எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணேன். கான்வே யாருன்னு தேடினதே இல்லை.

லின் கான்வே ஒரு திருநங்கை. 1964-ல் ஐபிஎம்-ல சேர்ந்தாங்க. ப்ராசசர் ஒரே நேரத்துல பல கட்டளைகளை, வரிசை மாத்திக்கூட முடிக்கிற ஒரு வழியை அங்கே கண்டுபிடிச்சாங்க. 1968-ல், இனி பெண்ணாக வாழப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஐபிஎம் வேலையை விட்டுத் தூக்கிடுச்சு.

புதுப் பெயர்ல, கான்ட்ராக்ட் புரோகிராமரா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சாங்க. ஐபிஎம்-ல செஞ்சதை வெளியே சொல்ல முடியாது. சொன்னா பழைய பெயர் தெரிஞ்சிடும். 1973-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துல சேர்ந்தாங்க. விஎல்எஸ்ஐ வேலையெல்லாம் அங்கேதான். 1978-ல் எம்ஐடி-ல வகுப்பு எடுத்தாங்க. மாணவர்கள் டிசைன் பண்ண சிப்புகள் நிஜமாவே தயாராகி வந்துச்சு. அப்பவும் தன் கதையை மறைச்சுத்தான் வெச்சிருந்தாங்க. வெளிப்படையா பேசினது 1990-களோட கடைசியிலதான். ஐபிஎம் மன்னிப்பு கேட்டது 2020-ல். 52 வருஷம்! 2024-ல், 86 வயசுல காலமானாங்க.

இதைப் படிச்சப்போ என் டீம்ல இருக்கிற ஒருத்தர்தான் ஞாபகம் வந்தார். திங்கட்கிழமை "வீக்கெண்ட் எப்படிப் போச்சு?"ன்னு கேட்டா, "சும்மா வீட்லதான்"னு சொல்வார். மூணு வருஷமா அதே பதில். ஒரு நாள் டீக்கடையில சொன்னார்: "நானும் என் பார்ட்னரும் அஞ்சு வருஷமா ஒண்ணா இருக்கோம். அவன் பேரை ஆபீஸ்ல ஒரு தடவைகூட சொன்னதில்ல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"ன்னு கேட்டேன்.

"நீ சேர்ந்த முதல் வாரம் ஒருத்தன் ஒரு ஜோக் அடிச்சான். நீயும் சிரிச்ச."

எனக்கு அந்த ஜோக் சுத்தமா ஞாபகம் இல்லை. அவர் மூணு வருஷம் ஞாபகம் வெச்சிருந்தார்.

ஜூன் மாசம் கம்பெனி லோகோவுக்கு வானவில் கலர் அடிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. அடுத்த ஜோக் வரும்போது சிரிக்காம, "இதுல என்ன காமெடி?"ன்னு கேக்கிறதுதான் கஷ்டம். "பொண்ணு பாத்தாச்சா?"ங்கிற கேள்வியையும் நிறுத்தலாம். யாராவது உங்களை நம்பி ஒண்ணு சொன்னா, அதை அடுத்தவங்ககிட்ட சொல்ற உரிமை நமக்கு இல்லை. இந்தக் கதையைக்கூட அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன். "பேரு மட்டும் வேணாம்டா, மத்ததெல்லாம் சொல்லு"ன்னார்.

பேரையும் சொல்லுன்னு அவர் சொல்ற அளவுக்கு எங்க ஆபீஸ் மாறணும். 52 வருஷம் ஆகக் கூடாது. அடுத்த வாரம் பார்ப்போம்!