கூந்தற் பேணலும் குடும்பச் சிக்கனமும்



கூந்தலைப் பாடாத தமிழ்ப் புலவரைக் காண்பது அரிது. மகளிர் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டோ இல்லையோ என்பது பற்றி இறைவனும் நக்கீரரும் மதுரைச் சங்கத்தில் வாதிட்டனர் என்று திருவிளையாடற் புராணம் கூறும். ஐவகையாக முடிக்கப்படுதலின் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றொரு பெயரும் ஏற்பட்டது. இவ்வளவு பேசியவர்கள், அக்கூந்தலை முழுக நீர் அள்ளியவர் யார், சிக்கெடுக்கச் சென்ற பொழுது எவ்வளவு, எண்ணெய்க்கு ஆன செலவு எவ்வளவு என்பனவற்றைப் பற்றி அதிகம் பேசினாரல்லர். இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழும் ஒரு தாய்க்கோ இம்மூன்று வினாக்களே முதன்மையானவை.

வன்னிக் கிராமம் ஒன்றின் காலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். பாடசாலை மணி ஏழரைக்கு அடிக்கும். பெண் பிள்ளைகள் இருவருக்கும் இரட்டைப் பின்னல் பின்னி, றிபன் கட்டி அனுப்ப வேண்டும். அதற்கு முன் சமையல் முடிய வேண்டும். தாயும் வயலுக்கோ, கூலி வேலைக்கோ, ஆடைத் தொழிற்சாலைக்கோ பஸ் பிடித்துச் செல்ல வேண்டும். போரிலே கணவனை இழந்து, அல்லது காணாமற் போன கணவனைத் தேடிக்கொண்டு, குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் இம்மாவட்டங்களிற் பலர். ஒரு தலைக்குப் பத்து நிமிடமாயினும் இரு பிள்ளைகளுக்கும் தனக்குமாக அரை மணி நேரம் போய்விடுகின்றது. அந்த அரை மணி நேரத்தைத் தேடுவதே அவளுக்குப் பெரும்பாடு.

செலவும் சிறிதன்று. 2022 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி விலைவாசி ஓராண்டில் 69.8 சதவீதம் உயர்ந்தது. அவ்வுயர்வின் வேகம் பின்னர் தணிந்ததெனினும், ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் பின்னரே சவர்க்காரமும் எண்ணெயும் எண்ணப்படும் வீட்டில், தலைக்கென்று தனியே பணம் ஒதுக்குவது எங்ஙனம்?

இதனை வீண் அலங்காரப் பேச்சென்று தள்ளிவிடுதல் தகாது. 2009 இல் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே கூடாரங்களில் வாழ்ந்தனர். 2012 செத்தெம்பரிலேதான் அம்முகாம் மூடப்பட்டது. பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீராவது வேண்டும் என்பது உலக நிவாரண அமைப்புகள் வகுத்துக்கொண்ட அளவு. குடித்தல், சமைத்தல், கழுவுதல் யாவும் அதற்குள் அடங்கும். நீண்ட கூந்தலை ஒருமுறை நன்றாக முழுகி அலசவே ஏறக்குறைய அவ்வளவு நீர் வேண்டும். ஆகவே, நீருக்கு வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்குத் தலை முழுகுதல் என்பது அழகுக் காரியமன்று. தான் இன்னும் ஒரு வீட்டுக்குரியவள், மதிப்புக்குரியவள் என்ற நினைவைக் காத்துக்கொள்ளும் காரியமாகும். அந்த மதிப்பைச் சிறு செலவிலும் சிறு பொழுதிலும் காப்பது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலிற் கூந்தலின் இயல்பை அறிதல் வேண்டும். மயிரின் வேர் மாத்திரமே உயிருள்ளது. தோலுக்கு வெளியே நீண்டிருப்பது கெரற்றின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழையே. அது மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவு வளரும். இடுப்பளவு கூந்தலின் நுனி ஐந்தாறு ஆண்டுகளின் வெயிலையும் சீப்பையும் கண்டது என்பது இதனாற் புலப்படும். உயிரற்ற இழைக்கு வெளியிலிருந்து ஊட்டம் கொடுக்க இயலாது. அது முறியாமலும் உராயாமலும் காப்பது ஒன்றே நாம் செய்யத்தக்கது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டாற் கடைப் போத்தல்களிற் பலவற்றை வாங்க வேண்டியதில்லை என்பது தெளிவாகும்.

அடுத்தது நீர். வன்னியிற் பல இடங்களிற் கிணற்று நீர் கடினமானது. கல்சியமும் மகனீசியமும் அதிற் கலந்துள்ளன. கடின நீரிற் சவர்க்காரமிட்டால் நுரை வராது, வெண்ணிறப் பிசுக்கொன்று திரளும். அப்பிசுக்கு மயிரிற் படிந்து, முழுகிய பின்னும் கூந்தலைச் சொரசொரப்பாகவும் சிக்காகவும் ஆக்கிவிடும். ஆதலால் உடம்புக்கிடும் சவர்க்காரத்தைத் தலைக்கு இடாதிருத்தலே நன்று. மழைநீர் மென்மையானது. ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரி மழையிற் கூரைநீரை ஒரு தூய பீப்பாவிற் பிடித்து மூடிவைத்தால், கடைசி அலசலுக்காவது அது உதவும். மூடாது விட்டால் நுளம்பு பெருகும் என்பதையும் மறத்தலாகாது.

சவர்க்காரத்துக்கு மாற்றாக முன்னோர் கண்டது அரப்பு. தமிழகத்தில் அரப்பு என்றால் உசிலை இலைத் தூளைக் குறிக்கும். ஈழத்திலோ இலுப்பை விதையில் எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் பிண்ணாக்கே அரப்பாகும். இலுப்பைப் பிண்ணாக்கிலும் சீயாக்காயிலும் நுரைக்கும் இயல்புடைய சபோனின் என்னும் பொருள் உண்டு. அது கடின நீரிலும் பிசுக்காகத் திரளாது அழுக்கை அகற்ற வல்லது. அரப்பைக் கண்ணிற் படாமற் பூசி, நன்றாக அலசிவிட வேண்டும். அது கிடையாதவிடத்துப் பச்சைப்பயற்று மா போதும். நெல் அறுவடைக்குப் பின் வன்னி வயல்களிலே பயறு விளைகின்றது. ஒரு கைப்பிடி பயற்றை இடித்து, சோற்று வடிகஞ்சியிற் குழைத்துத் தேய்த்தால் ஒரு தலைக்குப் போதுமானது. வேலியிற் பூத்துக் குலுங்கும் செவ்வரத்தையின் இலைகளை நீரிற் கசக்கினால் வழுவழுப்பான சாறு வரும். அதனைக் கடைசியிற் பூசி அலசினாற் சிக்கு இலகுவில் எடுபடும்.

ஷாம்பு முற்றாக ஆகாதென்பதன்று. அது கடின நீரிற் சவர்க்காரத்தைப் போலப் பிசுக்காகாது என்பது அதன் சிறப்பு. அச்சொல்லும் இந்தியாவிலிருந்து மேற்கே சென்றதுதான். பட்டினாவிற் பிறந்த சேக் தீன் முகம்மது என்பவர் 1814 இல் இங்கிலாந்தின் பிரைற்றன் நகரில் எண்ணெய் பிடித்து நீராட்டும் நிலையமொன்றை அப்பெயரால் நடத்திப் புகழ்பெற்றார். வாங்க இயன்றவர்கள் ஒரு தேக்கரண்டி ஷாம்புவை ஒரு குவளை நீரிற் கரைத்து, தலைத்தோலுக்கு மட்டும் இட்டாற் போதும். வழிந்தோடும் நுரையே நுனிக் கூந்தலைத் துப்புரவாக்கிவிடும். ஒரு போத்தல் இரு மடங்கு காலம் வரும்.

எண்ணெயைப் பொறுத்தமட்டில் நம்மவர் பழக்கத்துக்கு விஞ்ஞானமும் துணை நிற்கின்றது. ரேலே, மோகிலே என்னும் இந்திய ஆய்வாளர் இருவர் 2003 இல் வெளியிட்ட ஆய்விலே, தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். முழுகுமுன்னும் பின்னும் பூசிய தேங்காயெண்ணெய் ஒன்றே மயிரிழையிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது எனக் கண்டனர். அதிலுள்ள லோரிக்கமிலம் இழைக்குள் ஊடுருவும் தன்மையது. பளைப் பகுதித் தென்னந்தோப்புகள் வன்னிக்கு அயலிலேயே உள்ளன. வீட்டிற் காய்ச்சிய எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி, முழுகுவதற்கு ஒரு மணி நேரம் முன்னர், நுனியிலிருந்து மேல்நோக்கிப் பூசப்பட்டாற் போதும். நாள்தோறும் தலையில் எண்ணெய் வழிய விடுதல் புழுதியைச் சேர்க்கும். பொடுகு உள்ளவர்க்கு அது நோயைக் கூட்டவும் கூடும்.

இனி, பொழுதைப் பற்றிப் பார்ப்போம். தலை முழுகுதலைப் பாடசாலை நாட்களின் காலையில் வைத்துக்கொள்ளலாகாது. சனியிலோ ஞாயிறிலோ, வெயில் உள்ள முற்பகலில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரக்கூந்தல் எளிதில் இழுபட்டு முறியும். ஆகவே துவாயால் அடித்து உதறாமல், ஒற்றி எடுத்து, விரல்களாற் சிக்கு நீக்கி, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து வாருதல் வேண்டும். ஈரம் காயுமுன் இறுகப் பின்னினால் நாற்றம் பிறக்கும். வார நாட்களில் இரவு உணவின் பின், பிள்ளை பாடம் படிக்கும்போதே சிக்கெடுத்துத் தளர்வாகப் பின்னிவிட்டால், காலையில் நெற்றியோரம் வாரி மீளப் பின்ன ஐந்து நிமிடம் போதும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாமே பின்னப் பழக வேண்டும். மூத்தவள் இளையவளுக்குப் பின்னிவிடலாம். பின்னல் மிக இறுகினாற் காதோர மயிர் வேரோடு கழன்று, நாளடைவில் அவ்விடம் வழுக்கையாகும். இறுக்கம் அழகன்று.

பேன் தொல்லையைப் பற்றிப் பேசத் தாய்மார் கூசுகின்றனர். கூசத் தேவையில்லை. பேன் பறப்பதுமில்லை, பாய்வதுமில்லை; தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்வது. சுத்தமான தலையிலும் அது ஏறும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் வரை செல்லும். ஆதலால் ஒருநாள் வாரிவிட்டு நிறுத்தினாற் பயனில்லை. ஈரத்தலையிற் செவ்வரத்தைச் சாறோ எண்ணெயோ இட்டு, பேன் சீப்பால் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறையாக இரு வாரம் தொடர்ந்து வாருதல் வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே காலத்திற் செய்தல் வேண்டும். மண்ணெண்ணெய் பூசும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். அது தோலைப் புண்ணாக்கும். அடுப்படியில் நிற்கும் பிள்ளையின் உயிருக்கே அது உலை வைக்கும்.

முடி கொட்டுகின்றதே என்று கலங்குவோர் பலர். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், மகப்பேறு, பட்டினி, பெருந்துயர் ஆகியவற்றின் பின், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வதும் உண்டு. காரணம் நீங்கிய பின் பெரும்பாலும் சில மாதங்களில் அது மீள வளரும். தொடர்ந்து உதிருமாயின் இரத்தச் சோகை இருக்கக்கூடும். அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமின்றிக் காட்டலாம். விலையுயர்ந்த தைலத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பயறு, கௌபி, முட்டை, நெத்தலி, முருங்கையிலை ஆகியவற்றுக்குச் செலவிடுதல் வேருக்கு உரமிடுவதாகும். கீரையோடு சிறிது தேசிப்புளி சேர்த்துண்டால் அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும்.

சுருண்ட கூந்தலையுடைய பிள்ளைகளுக்கு ஒரு சொல். தம் முடி நேராக இல்லையே என்று அவர்கள் ஏங்குவதுண்டு. இரசாயனத்தாலும் சூட்டாலும் முடியை நேராக்குவதற்குப் பெரும் பணம் செலவாகும்; இழையும் பலமிழக்கும். இஃது உலகெங்கும் எழுந்துள்ள பிரச்சினை. 2016 இல் தென்னாபிரிக்காவின் பிரிற்றோரியா நகரப் பெண்கள் உயர்தரப் பாடசாலை ஒன்றிலே, தம் இயற்கையான சுருள்முடியை அடக்கச் சொல்லும் விதிகளைக் கறுப்பின மாணவியர் எதிர்த்து நின்றனர். 2019 இல் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம், இயற்கை முடியைக் காரணங்காட்டிப் பாடசாலையிலும் தொழிலிலும் வேற்றுமை காட்டுவதைச் சட்டத்தால் தடுத்தது. சுருள்முடியை உலர்ந்த நிலையில் வாராமல், ஈரத்தில் விரலாற் கோதி, சிறிது எண்ணெய் தடவிப் பின்னினால் அது தன் அழகிலேயே அடங்கி நிற்கும்.

இவ்விடத்திற் பாடசாலைகளுக்கும் ஒரு கடமை உண்டு. ஒழுங்கு வேண்டியதே, இரட்டைப் பின்னலும் நல்ல வழக்கமே. ஆயினும் ஒரு பின்னல் குலைந்து வந்த பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்துமுன், அந்த வீட்டிற் காலையில் யார் இருந்தார், நீர் இருந்ததா என்று ஓர் ஆசிரியை தனியே கேட்டறிதல் வேண்டும். பேன் கண்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினாற் பேன் போகாது, பாடமே போகும். பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளையின் கூந்தலை வெட்டுதல் எவ்வாற்றானும் தகாது. முதலுதவிப் பெட்டிக்கருகில் ஒரு சீப்பும், சில றிபன்களும், பின்னிவிட ஓர் அக்காவும் இருந்தால், ஒரு பிள்ளை அன்று வகுப்பறையிற் தலைநிமிர்ந்து அமரும். சீப்பை ஒவ்வொரு முறையும் சவர்க்கார நீரிற் கழுவிவிட்டால் அது பேனையும் பரப்பாது.

தாய்மாருக்கும் ஒன்று கூறவேண்டும். முடியை நீளமாக வைத்திருக்க நீரும் பொழுதும் போதவில்லையெனின், பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டுத் தோளளவுக்குக் குறைத்துக்கொள்வதில் இழுக்கு ஒன்றுமில்லை. வெட்டிய முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றராகத் திரும்ப வளரும். பாடசாலைக்குப் போகாது கழிந்த ஒரு நாளோ திரும்ப வராது. நீளமாயினும் குட்டையாயினும், நேராயினும் சுருளாயினும், துப்புரவான தலையே அழகிய தலை. அதற்கு வேண்டுவன வாரத்தில் ஒரு முற்பகல், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு கைப்பிடி அரப்பு அல்லது பயற்று மா, அகன்ற பல்லுச் சீப்பு ஒன்று, அவசரமில்லாத இரு கைகள் ஆகியவையே. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே கிடைப்பதற்கு அரியது. அதனை அந்தத் தாய்க்குத் தேடிக்கொடுப்பதில் வீட்டிலுள்ள ஏனையோர் யாவருக்கும் பங்குண்டு.