சக்கர நாற்காலி ஏறும் பழைய வேன்

பழைய வேன் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதுதான். சக்கர நாற்காலிக்காக மாற்றியமைத்த வேனில் அதைவிட முக்கியம், அந்த மாற்றம் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பது. இன்ஜினுக்கு எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார்; தாழ்த்தி வெல்டிங் செய்த தளத்தில் துரு ஏறினால் சரிசெய்ய ஆள் கிடைப்பது அரிது. அதனால் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிப்பக்க இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். நாற்காலியை நான்கு மூலையிலும் தரையோடு பிணைக்கும் பட்டைகளில் நூல் பிரிந்திருந்தால், பேரம் பேசாமல் புதிது போட்டுவிட வேண்டும். அமர்பவருக்கு சீட் பெல்ட் தனியாக வேண்டும். நாற்காலியைக் கட்டிய பட்டை ஆளைக் காக்காது.

சாதாரண வேனை வாங்கிச் சாய்தளம் வைத்தால் செலவு குறையுமே என்பார்கள். குறையும்தான். ஆனால் தளம் உயரமென்றால் சாய்தளம் செங்குத்தாகிவிடும்; வயதான தாயார் மகனைத் தள்ளி ஏற்ற முடியாது. தலை வேறு கதவுச் சட்டத்தில் இடிக்கும். ஆவணமும் முக்கியம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, செய்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரலாம். விலை பேசுமுன், அதில் போகப்போகிறவரையே அழைத்துச் சென்று ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.